தொட்டி மண்ணில் கிடந்தவை எல்லாம் முட்டைகள்தாமா? செங்கோட்டை வீட்டுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

செங்கோட்டையிலிருந்து புளியறைக்குச் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில், ஆனி மாதச் சாரல் பிடித்ததும் பூந்தொட்டிகளை மாற்றி நடும் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் கவிழ்த்த ஆந்தூரியத் தொட்டியிலேயே மஞ்சளும் பழுப்புமாகச் சிறு உருண்டைகள் ஏராளமாகத் தென்பட்டன. அதே தொட்டியின் ஓரத்தில் பால்வெள்ளை முட்டைகள் ஒரு கைப்பிடி அளவுக்குக் குவிந்து கிடந்தன. அடுத்தடுத்த தொட்டிகளில் கடுகு போன்ற மணிகளும், விரல் பருமனில் சுருண்டு கிடந்த வெண்புழுக்களும், மண்புழு என்று நினைத்து எடுக்கப்போனால் வழுக்கிக்கொண்டு ஓடிய கரிய உயிர் ஒன்றும் வெளிவந்தன.

வந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் பாம்பு முட்டை என்றே சொல்லிவிட்டார்கள். எல்லாத் தொட்டிகளிலும் ஆளுக்கொரு பிடி குருணை மருந்தைத் தூவிவிட்டால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னதோடு, வயலுக்கு வாங்கி மீந்துபோன போரேட் பொட்டலம் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அந்த மருந்தின் பயன்பாடு இந்தியாவில் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது என்பதும், குழந்தைகள் புழங்கும் பின்கட்டில் அதைத் தூவுவது எவ்வளவு ஆபத்தானது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக வீட்டுக்கார அம்மாள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. “அண்ணாச்சி, இதெல்லாம் ஒரே பூச்சியோட முட்டையும் புழுவுமா, இல்ல வேற வேறயா? அத மட்டும் முதல்ல சொல்லுங்க” என்று என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். மருந்து பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வர வேண்டும்.

மண் வந்த வழி

தொட்டி மண்ணில் கிடக்கும் பொருளை அடையாளம் காண்பதற்கு அதன் உருவத்தைவிட, அது எந்தக் கலவையோடு உள்ளே வந்தது என்பதே முதலில் உதவும் என்பது என் துணிபு. நிலத்து மண்ணுக்கு இந்த வசதி கிடையாது. தொட்டி மண்ணோ மனிதக் கையால் கலக்கப்பட்டது. அதில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் ஊரும் விற்றவரும் உண்டு. எனவே பொருள்களைத் தொடுவதற்கு முன்னால் கலவையின் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இந்தத் தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாளச் சீமையோடு இருந்தது. பெண் கொடுக்கல் வாங்கல் போலவே செடி வாங்கும் வழக்கமும் இன்றுவரை ஆரியங்காவு கணவாய்க்கு மேற்கே நீள்கிறது. இந்த வீட்டு ஆந்தூரியங்களும் பெரணிகளும் புனலூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் வாங்கப்பட்டவை. அங்கே செடியை வளர்ப்பது பெரும்பாலும் சகிரிச்சோற்றில், அதாவது பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு என்றும் கடைகளில் கோகோபீட் என்றும் விற்கப்படும் தென்னைநார்த் தூளில். வீட்டுக்கு வந்தபின் அந்த வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் வேறொரு கலவையை நிரப்பியிருக்கிறார்கள். அந்த வெளிக்கலவையில் செம்மண், தென்னந்தோப்பு ஓரத்து உரக்குழியிலிருந்து அள்ளிய தொழு உரம், தென்காசியில் மூட்டையாக வாங்கிய மண்புழு உரம் ஆகியவை இருந்தன. மிளகாய், கத்தரித் தொட்டிகளில் மட்டும் மேலாக அடுக்களைக் கழிவையும் போட்டிருந்தார்கள்.

ஆக, ஒரு தொட்டிக்குள் குறைந்தது நான்கு இடத்துச் சரக்கு இருந்தது. செடியை உதறாமல் மண்கட்டியோடு முழுதாக எடுத்துச் செய்தித்தாளின் மேல் வைத்து, பழைய கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்ததும் இந்த அடுக்குகள் வெட்டெனத் தெரிந்தன. நடுவில் கரும்பழுப்பு நார்த்தூள், வெளியே சிவந்த மண், இரண்டுக்கும் இடையில் வேர் ஓடாத ஒரு கோடு. எந்தப் பொருள் கோட்டுக்கு உள்ளே கிடக்கிறது, எது வெளியே கிடக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் பாதிப் புதிர் அவிழ்ந்துவிட்டது. செடியைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறவர்கள் இந்தச் சாட்சியத்தை முதலிலேயே அழித்துவிடுகிறார்கள்.

மஞ்சள் உருண்டையும் பால்வெள்ளைக் குவியலும்

மஞ்சள் உருண்டைகள் கோட்டுக்கு உள்ளே மட்டுமே இருந்தன. வெளிக்கலவையில் ஒன்றுகூட இல்லை. உள்ளேயும் அவை ஓரிடத்தில் குவியாமல், மேலிருந்து அடிவரை ஏறக்குறைய சம இடைவெளியில் பரவிக் கிடந்தன. எந்தத் தாய் உயிரும் தன் முட்டைகளை நார்த்தூளில் இப்படிக் கலந்து வைப்பதில்லை. கலக்கும் வேலையைச் செய்திருப்பது மண்வெட்டியோ இயந்திரமோதான். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தியபோது தோல் மளுக்கென்று பிளந்து, உள்ளிருந்து தெளிந்த திரவம் ஒரு சொட்டு வந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டதும் உப்புப் படிகங்கள் வெள்ளையாகப் படிந்தன. வேறு சில உருண்டைகளை அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. அவற்றைத் தண்ணீரில் போட்டபோது மிதந்தன.

இவை முட்டைகள் அல்ல, மெதுவாகக் கரையும் உரமணிகள். ஓஸ்மோகோட் முதலிய பெயர்களில் விற்கப்படும் இவ்வகை உரத்தில், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து உப்புகளின் மேல் பிசின் பூச்சு ஒன்று போர்த்தப்பட்டிருக்கும். ஈரம் பூச்சின் வழியே உள்ளே புகுந்து உப்பைக் கரைக்க, கரைந்த சத்து சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. சூடு ஏற ஏறக் கசிவும் விரைவாகும். இத்தகைய உரத்தின் பையில் இத்தனை மாதம் என்று போடப்படும் கணக்கு பெரும்பாலும் 21 பாகை செல்சியஸ் வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. நம் ஊர் வெயிலில் ஆறு மாத மணி அதற்கு வெகு முன்பே தீர்ந்துபோகும். சத்து தீர்ந்த பிறகும் கூடு மட்டும் மண்ணிலேயே கிடக்கும். அதுவே காலி முட்டை ஓடு என்ற தோற்றத்தைத் தந்து, குஞ்சு பொரித்துப் போய்விட்டது என்ற பீதியைக் கிளப்புகிறது. நர்சரிக்காரரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, “சாரே, அது முட்டையல்ல, வளம்தான், எல்லாச் செடிக்கும் இடுவோம்” என்று சிரித்துவிட்டுச் சொன்னார். பிளந்து பார்த்த பிறகு கேட்டதால் அவருடைய சொல்லைச் சோதிக்கவும் முடிந்தது.

பால்வெள்ளைக் குவியலின் கதை வேறு. அது கோட்டுக்கு வெளியே, தொட்டிச் சுவரை ஒட்டி, மேல்மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை ஆழத்தில், ஒரு சிறு பொந்துக்குள் நெருக்கமாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளம், சற்று நீள்வட்டம், மங்கிய மஞ்சள் சாயல் ஏறிய வெள்ளை. கையுறையோடு எடுத்து அழுத்தியபோது ஓடு உடைந்து பசைபோன்ற நீர் வந்தது. உடைந்த ஓட்டின் மேல் வினிகர் இரண்டு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பால் ஆன ஓடு அமிலம் பட்டால் நுரைக்கும். உரமணியின் பிசின் கூடு நுரைக்காது. வினிகர் இல்லாத வீட்டில் எலுமிச்சைச் சாறு போதும். இந்த ஒரு சோதனை, கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு பொருளை ஒரு நொடியில் பிரித்துவிடுகிறது. பாம்பு முட்டை என்ற பேச்சுக்கும் அது முற்றுப்புள்ளி வைத்தது: பாம்பு முட்டையின் தோல் வளைந்துகொடுக்கும் தோல்போன்ற உறை, நகத்தில் நொறுங்காது, சாரையும் நல்லபாம்பும் இடும் முட்டைகள் அளவிலும் இதைவிடப் பல மடங்கு பெரியவை.

அளவு, நிறம், சுண்ணாம்பு ஓடு, பொந்து, எண்ணிக்கை ஆகிய அனைத்தும் ஆப்பிரிக்கப் பெருநத்தையைச் சுட்டின. ஒரு தடவையில் நூறுக்கு மேல் முட்டையிடும் உயிர் அது. அடுத்த பெரணித் தொட்டியின் அடியில், தட்டுக்கும் தொட்டிக்கும் இடையே, கூம்பு ஓட்டில் பழுப்புக் கோடுகளோடு தாய் நத்தையே ஒட்டிக்கொண்டிருந்தது உறுதியான சான்றாயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை 1847-இல் வில்லியம் பென்சன் என்பவரால் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் முதலில் அறியப்பட்டு, இன்று பல மாவட்டங்களில் வாழை, மரவள்ளி, பப்பாளி என்று எதையும் விட்டுவைக்காத தொல்லையாக உள்ளது. கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கி, மழை பிடித்ததும் எழுந்து இணைசேர்ந்து முட்டையிடுவது அதன் வழக்கம். சாரல் தொடங்கியபின் இந்தக் குவியல் கண்ணில் பட்டது தற்செயல் அன்று.

கையுறை போட்டுக்கொண்டதற்கும் காரணம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகை உருளைப்புழுவின் இளம்பருவம் இந்த நத்தைகளின் உடலில் தங்கும். அது மனித உடலுக்குள் சென்றால் மூளைச்சவ்வு அழற்சி உண்டாகலாம். 1935-இல் சீனாவின் காண்டன் பகுதியில் எலிகளிடம் முதலில் விவரிக்கப்பட்ட அந்தப் புழுவால் கேரளத்தில் குழந்தைகளும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். எனவே நத்தையையோ அது ஊர்ந்த பசையையோ வெறுங்கையால் தொட்டுவிட்டு, கழுவாத கையோடு சோறு பிசையக் கூடாது.

கடுகு என்று விடப்பட்டவை

வீட்டில் ஒருவரும் அஞ்சாத பொருள்தான் இந்த நிகழ்வில் உண்மையிலேயே அஞ்ச வேண்டியதாக இருந்தது. மிளகாய்த் தொட்டிகளில் தண்டின் அடியைச் சுற்றி இளம்பழுப்பு மணிகள் கிடந்தன. அளவும் உருட்சியும் கடுகேதான். அடுக்களைக் கழிவு போட்ட தொட்டி என்பதால், தாளிக்கும்போது சிந்திய கடுகு கழிவோடு வந்திருக்கும் என்று அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. செடி வாடியதற்கு நீர் மிகுந்ததே காரணம் என்றும் நினைத்திருந்தார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது இரண்டு செய்திகள் அந்த விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. முதலாவது, மணிகளில் சில வெண்மையாகவும் சில மஞ்சளாகவும் சில முற்றிய பழுப்பாகவும் இருந்தன. கடுகு வெள்ளையாகப் பிறந்து பழுப்பாக முற்றுவதை யாரும் தொட்டியில் பார்த்திருக்க முடியாது. இரண்டாவது, மணிகளுக்கு இடையே மண்ணின் மேல்தோலிலும் தண்டின் பட்டையிலும் வெள்ளை இழைகள் விசிறிபோல் விரிந்து படர்ந்திருந்தன. தண்டை மெல்ல இழுத்ததும் மண்மட்டத்தில் பட்டை கழன்று, உள்கட்டை பழுப்பேறித் தெரிந்தது.

ஐயத்தைத் தீர்க்க ஒரு எளிய சோதனை செய்தோம். இந்த மணிகளில் சிலவற்றை ஈரமான காகிதத்தின் மேலும், அடுக்களை டப்பாவிலிருந்து எடுத்த கடுகை மற்றொரு காகிதத்தின் மேலும் பரப்பி, மூடிய டப்பாக்களில் வைத்தோம். கடுகு இரண்டு மூன்று நாளில் வேர்விட்டுப் பச்சை இலை காட்டியது. மற்றதிலிருந்து வேரும் வரவில்லை, இலையும் வரவில்லை. பஞ்சிழைகள் கிளம்பிக் காகிதத்தையே மூடின. இவை ஸ்கிளிரோசியம் ரால்ப்சியை என்னும் பூஞ்சையின் உறங்குமணிகள். 1892-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளி வாடலை ஆராய்ந்த பீட்டர் ஹென்றி ரால்ப்ஸ் இந்நோயை விவரித்தார். பூஞ்சையின் பெயரில் அவர் பெயர் நிற்கிறது. நம் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடுகிறவர்கள் தண்டழுகல் என்று அறிந்திருப்பது இதே பூஞ்சையின் வேலைதான். நூற்றுக்கணக்கான செடி இனங்களை இது தாக்கும். உறங்குமணிகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்து, ஈரமும் சூடும் அழுகும் இலைதழையும் ஒருசேரக் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். மேல்மண்ணில் அழுகிய காய்கறித் தோலும், விடாத சாரலும், தண்டைத் தொட்டபடி ஈரக் கழிவும் இருந்த இந்தத் தொட்டிகள் அதற்கு விருந்து வைத்ததற்குச் சமம்.

குருணை மருந்தைத் தூவியிருந்தால் இந்தப் பூஞ்சைக்கு ஒரு சேதமும் வந்திராது. அது பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மாறாக, அடுத்த பருவத்தில் அந்த மண்ணையே உரம் ஏறிய மண் என்று எல்லாத் தொட்டிக்கும் பங்கிட்டிருப்பார்கள்.

வெண்புழுக்கள்

கத்தரி, செம்பருத்தித் தொட்டிகளில் கிடைத்த வெண்புழுக்கள் அனைத்தும் தொழு உரக்கட்டிகளை ஒட்டியே இருந்தன. இதனால் அவற்றின் ஊர் உரக்குழி என்பது விளங்கியது. ஆனால் அங்கிருந்து வந்தவை ஒரே இனம் அல்ல. தளம் போட்ட தரையில் எல்லாவற்றையும் வரிசையாக விட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். சில, சுருண்டபடியே ஒருக்களித்துக் கிடந்து காலை அசைத்துக்கொண்டிருந்தன. வேறு சில மல்லாந்து படுத்து, முதுகிலுள்ள மயிர்களைத் தரையில் ஊன்றி, கால்கள் வானத்தைப் பார்த்திருக்க விறுவிறுவென்று நகர்ந்து சுவரோரம் சென்றுவிட்டன. முதுகால் நடப்பவை பூவண்டுகளின் புழுக்கள். அவற்றின் தலை உடலைவிட மிகச் சிறியதாக இருக்கும். மக்கிய இலைதழையைத் தின்று உரமாக்குவதைத் தவிர அவை தொட்டியில் வேறு தீங்கு செய்வதில்லை.

சுருண்டு கிடந்தவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். முழு வளர்ச்சியில் இவை மூன்று அங்குலத்தை எட்டும். தலை அகன்று கரும்பழுப்பாக இருக்கும். புழு தொட்டிச் செடியின் வேரைக் கடிக்கிறதா என்பது இங்கே சிறிய கேள்வி. வேர் தின்னும் வெண்புழு என்று நம் விவசாயிகள் சொல்வது மண்ணில் வாழும் வேறு வண்டினத்தின் புழுவை. இதுவோ மக்கிய சாணத்தைத் தின்பது. பெரிய கேள்வி, வண்டாகி வெளிவந்த பிறகு இது எங்கே போகும் என்பது. வீட்டின் பின்னால் தென்னந்தோப்பு. வண்டு குருத்தைத் துளைத்து உட்புகும். அந்தக் குருத்து விரியும்போது மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோன்ற முக்கோண வெட்டுகள் தெரியும். தோப்புக்குள் அண்ணாந்து பார்த்தபோது இளந்தென்னைகள் பலவற்றில் அந்த வெட்டு இருந்தது. தொட்டியில் கிடைத்த புழு தோப்பின் நோய்க்குச் சாட்சி சொன்னது என்பதே இந்தப் பகுதியின் பயன்.

உரக்குழியைக் கிளறியபோது எல்லாப் பருவத்திலும் புழுக்கள் இருந்தன. ஆகவே மருத்துவம் அங்கே செய்யப்பட்டது. புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பொறுக்கி அகற்றினார்கள். கோழிகள் மீதியைக் கவனித்துக்கொண்டன. பிறகு மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சை உரத்தோடு கலக்கப்பட்டது. இந்தப் பூஞ்சை புழுவின் தோலில் முளைத்து உள்ளே புகுந்து கொன்று, செத்த புழுவின் மேல் பச்சைப் பொடியாகப் பூக்கும். மண்புழுவையோ செடியையோ தொடாது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதைப் பரிந்துரைப்பதோடு, மலையாளத்தில் பெருவலம் எனப்படும் செடியைக் குழியில் வெட்டிப் போடுவதையும் சொல்கிறது. அந்தச் செடி ஆரியங்காவுச் சாலையோரம் மண்டிக் கிடப்பது; காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கரிய உயிர்

பெரணித் தொட்டியிலிருந்து ஓடிய கரிய உயிரைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லை, நூல்கயிற்றின் பருமன். தலை எது வால் எது என்று தெரியாததால் இருதலைப் பாம்பு என்று ஒரு கட்சியும், கறுத்த மண்புழு என்று ஒரு கட்சியும் இருந்தன. செய்தித்தாளின் மேல் விட்டதும் விடை தெரிந்தது. மண்புழு நகரும்போது உடல் குறுகி நீளும், நீண்டு குறுகும். தாளில் ஈரத்தடம் விடும். இது நீளம் மாறாமல் பக்கவாட்டில் நெளிந்து ஓடியது, தாள் நனையவில்லை. லென்சின் கீழே மண்புழுவின் வளையங்களுக்குப் பதிலாக ஒரே அளவான, பளபளக்கும் செதில்கள் தெரிந்தன. ஒரு முனையில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள் கண்களாக இருந்தன. அங்கிருந்து நூலிழை போன்ற நாக்கு வெளிவந்து மறைந்தது. மறு முனையில் சிறு முள் ஒன்று இருந்தது.

இது செவிப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். மேற்கே குருடி என்பார்கள். 1796-இல் பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்திலிருந்து படத்தோடு விவரித்த இந்தப் பாம்புக்கு, அந்தப் படத்தை ஆதாரமாகக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் தோதேன் 1803-இல் அறிவியல் பெயர் இட்டார். இந்த இனத்தில் இதுவரை ஆண் பாம்பு உறுதியாகக் கண்டறியப்படவில்லை. பெண் மட்டுமே இருந்து, இணைசேராமல் முட்டையிட்டுப் பெருகுகிறது. அதனால் ஒரு தொட்டிக்குள் ஒரேயொரு பாம்பு பயணப்பட்டாலும் போய்ச்சேர்ந்த ஊரில் ஒரு கூட்டம் உருவாகிவிடும். செடி வணிகத்தோடு தொட்டி மண்ணில் ஒளிந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள்வரை இது குடியேறியிருப்பதால், உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் பாம்புகளில் ஒன்றாகிவிட்டது.

விஷம் இல்லை, மனிதரைக் கடிக்கும் அளவுக்கு வாயும் இல்லை. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவுமே உணவு. தூங்குகிறவர் காதுக்குள் புகுந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. இதை அம்மாளுக்கு விளக்கியபோது, “சரி அண்ணாச்சி, ஆனா எங்க மாமியாருக்குத் தெரிய வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் தோப்பின் கறையான் புற்றருகே கொண்டுபோய்த் திறந்துவிடச் சம்மதித்தார்.

ஏனையவை

வெள்ளைத் துகள்களைச் சிலர் தெர்மோகோல் என்றார்கள். விரலிடுக்கில் நசுக்கியபோது மாவாகப் பொடிந்தது. தீக்குச்சி காட்டினால் உருகவில்லை. எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்தெடுக்கும் பெர்லைட் அது. நர்சரிக் கலவையோடு வந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒட்டியிருந்த, கெட்டி ஓட்டோடு கூடிய இரண்டு வெண்முட்டைகள் பல்லியுடையவை. நார்த்தூள் மிகுந்த தொட்டியில் மறுநாள் முளைத்த கந்தக மஞ்சள் குடைக்காளான் செடிக்குத் தீங்கு செய்யாது, ஆனால் தின்றால் வயிற்றைக் கெடுக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பிடுங்கி எறிந்தால் போதும்.

சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டியது மண்புழுக் கூடுகளைப் பற்றி. வெளிக்கலவையில் இரு முனையும் கூரான, தேன்நிறச் சிறு மணிகள் நிறைய இருந்தன. முட்டைப் பீதியில் இவையும் பொறுக்கப்பட்டு ஒரு தட்டில் தனியே வைக்கப்பட்டிருந்தன. டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது உள்ளே செந்நிற இழை ஒன்று சுருண்டு அசைந்தது. மண்புழு உரத்தோடு வந்த கூடுகள் இவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிப் புழுக்கள் வெளிவரும். குருணை விழுந்திருந்தால் முதலில் மடிந்திருப்பவை இவைதான்.

செய்யப்பட்டவை

உரமணிகள் அப்படியே விடப்பட்டன. அவை தீரும்வரை ஆந்தூரியத்துக்கு வேறு ரசாயன உரம் வேண்டாம் என்று மட்டும் சொல்லப்பட்டது. மண்புழுக் கூடுகள் தட்டிலிருந்து திரும்பத் தொட்டிக்கே போயின. நத்தை முட்டைகளும் தாய் நத்தையும் வாளியில் கரைத்த அடர் உப்பு நீரில் போட்டுக் கொல்லப்பட்டு, ஆழக் குழியில் புதைக்கப்பட்டன. உப்பைத் தொட்டி மண்ணிலேயே தூவும் வழக்கம் நத்தையோடு செடியையும் சேர்த்துக் கொல்வது. கடைகளில் கிடைக்கும் மெட்டால்டிஹைடு நத்தைப் பொறியுணவை, வீட்டில் நாய் இருந்ததால் தவிர்த்தோம். நாய்க்கு அது கொடிய நஞ்சு. அதற்குப் பதிலாக, இரவில் முட்டைக்கோசு இலையும் பப்பாளி இலையும் நனைத்த சாக்கின் கீழ் வைத்து, விடியற்காலையில் அங்கே கூடும் நத்தைகளைப் பொறுக்கும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது. தப்பிய முட்டைகள் பொரிக்கக்கூடும் என்பதால் சாரல் ஓயும்வரை இதை விடக் கூடாது.

மிளகாய்த் தொட்டிகளின் மண்தான் சிக்கலாக இருந்தது. கண்ணாடித் தாள் மூடி வெயிலில் வேகவைப்பது வழக்கமான முறை; ஆனால் சாரல் காலத்துச் செங்கோட்டையில் அதற்கு வெயில் ஏது? வாடிய செடிகளை எரித்துவிட்டு, மண் அளவு குறைவாக இருந்ததால் பழைய தகரப் பீப்பாயில் அடியில் தண்ணீர் விட்டு, மேலே துளைத் தட்டு வைத்து, ஆவி மண்ணின் உள்வரை ஏறி அரை மணி நேரம் நிற்கும்படி வேகவைத்தோம். ஆறியபின், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்னும் நல்ல பூஞ்சை கலந்த தொழு உரம் சேர்க்கப்பட்டது. தொட்டிகள் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவப்பட்டன. அடுக்களைக் கழிவை இனிப் பச்சையாகத் தொட்டியில் போடாமல், மூடிய டிரம்மில் மக்கவைத்தே இட வேண்டும் என்பதும், தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மண் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதும் முடிவாயிற்று.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து இனி வரும் செடிகள் ஒரு மாதம் தளத்தின் மேல் தனியே, தட்டில்லாமல், நாற்காலி உயரத்தில் வைக்கப்படும். அந்த மாத இறுதியில் வேர்க்கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்த பிறகே மற்றத் தொட்டிகளோடு அவை சேரும். போரேட் பொட்டலத்தை, தூவவோ சாக்கடையில் கொட்டவோ செய்யாமல், கட்டியபடியே வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி அவர்கள் சொல்லும் வழியில் அப்புறப்படுத்தும்படி, கொண்டுவந்து கொடுத்தவரிடமே திருப்பித் தந்தாயிற்று.